அடி, மீட்டர், முழம், கிலோ: மதுரைப் பக்கத்துக்கான முழுமையான அளவு வழிகாட்டி

விரகனூர்ப் பக்கம் என் தங்கை மாப்பிள்ளை ஒரு மனை பேசி முடித்தார். கட்டட வரைபடம் போடுவதும் எஸ்டிமேட் எழுதுவதும்தான் எனக்குப் பிழைப்பு. அதனால் வீட்டில் எந்த நிலக் கணக்கு என்றாலும் கடைசியில் என் கைக்கு வந்துவிடும். பத்திரத்தின் வரைவு நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘கிழமேல் இருபுறமும் அடி 30.6, தென்வடல் இருபுறமும் அடி 40.9, ஆக சதுரடி 1251½’ என்று இருந்தது.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். 30 அடி 6 அங்குலம், 40 அடி 9 அங்குலம். மனையில் ஒரு குறையும் இல்லை. கணக்கில்தான் குறை. 30 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 30.5 என்று போட வேண்டும், 40 அடி 9 அங்குலத்தை 40.75 என்று போட வேண்டும். பெருக்கினால் 1242.9 சதுரடிதான் வருகிறது. எட்டரைச் சதுரடிக்கு மேல் இல்லாத நிலத்துக்குப் பணம் எழுதியிருக்கிறார்கள். சதுரடி 2,500 ரூபாய் என்று பேசியிருந்ததால் 21,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இதில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. தரகர் போனில் பெருக்கிச் சொன்னதை எழுதுகிறவர் அப்படியே எழுதிவிட்டார்.

இந்த மாதிரித் தப்பை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். அதனால் நிலம், வீடு, சந்தை, ஆஸ்பத்திரி என்று நாம் அன்றாடம் அளக்கிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நேரமில்லாதவர்கள் இரண்டாவது படியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 1: எந்தப் பொருள் எந்த அளவில் பிறந்தது என்று பாருங்கள்

மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இப்போது இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2011 ஏப்ரலில் இருந்து நடக்கிறது. கடையில் பாக்கெட்டில் அடைத்து எடை, கொள்ளளவு, நீளம் பார்த்து விற்கும் எதுவும் கிராம், லிட்டர், மீட்டர் கணக்கில்தான் வர வேண்டும்.

ஆனால் 1958க்கு முந்திய பத்திரங்கள் நம் பீரோவில் இருக்கின்றன. கொத்தனார் கையில் அடி டேப் இருக்கிறது, தையற்காரர் கழுத்தில் அங்குல டேப் தொங்குகிறது. இரண்டையும் விட முடியாது, விடச் சொல்லி எழுதவும் நான் வரவில்லை. நான் பின்பற்றும் வழி இதுதான். ஒரு பொருளை எந்த அளவில் செய்தார்களோ, எந்த அளவில் பதிந்தார்களோ அந்த அளவிலேயே கணக்கை முடிக்க வேண்டும். அடுத்த அளவுக்கு மாற்றுவதானால் கடைசி விடையை ஒரே ஒரு தடவை மாற்ற வேண்டும். நடுவில் நடுவில் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொட்டிப்போகும்.

மனைக்கு அடி, சதுரடி, சென்ட். பட்டாவுக்கு ஹெக்டேர், ஏர். கம்பிக்கு எம்.எம்., மணலுக்கு யூனிட், போர்வெல்லுக்கு அடி. மோட்டாரின் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரத்துக்கு, பெரும்பாலும் மீட்டர். தங்கத்துக்குப் பவுனும் கிராமும். காய்கறிக்குக் கிலோ, பூவுக்கு முழம். காய்ச்சலுக்குப் பாரன்ஹீட். இவ்வளவையும் நாம் ஒரே நாளில் பேசிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

படி 2: அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதாதீர்கள்

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது இது. ஓரடிக்குப் பத்து அங்குலம் இல்லை, பன்னிரண்டு. நம் ஆட்கள் 30 அடி 6 அங்குலத்தை 30.6 என்று எழுதிப் பழகிவிட்டார்கள். மனிதர் படித்தால் புரிந்துவிடும். கால்குலேட்டருக்குப் புரியாது.

செய்ய வேண்டியது, அங்குலத்தை 12ஆல் வகுத்து அடியோடு கூட்டுவது. மனப்பாடமாக வைத்துக்கொள்ள: 1 அங்குலம் 0.083, 2 அங்குலம் 0.167, 3 அங்குலம் 0.25, 4 அங்குலம் 0.33, 6 அங்குலம் 0.5, 8 அங்குலம் 0.67, 9 அங்குலம் 0.75.

ஒன்றில் இருந்து ஒன்பது அங்குலம் வரை இந்தத் தப்பு நிலத்தைக் கூட்டிக் காட்டும், வாங்குகிறவருக்கு நஷ்டம். பத்து, பதினொன்று வந்தால் தலைகீழ். 30 அடி 10 அங்குலத்தை 30.10 என்று எழுதினால் கால்குலேட்டர் அதை 30.1 என்றே எடுத்துக்கொள்ளும். முக்கால் அடி போய்விடும். நாற்பதடி நீள மனையில் அது 29 சதுரடிக்கு மேல், விற்கிறவர் தலையில் விழும்.

எழுதும்போது ‘30 அடி 6 அங்குலம்’ என்று சொல்லாகவே எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி கூடுதலாகப் போகட்டும்.

படி 3: பட்டாவை வாசிப்பது

முதலில் நான்கு எண்கள். 1 ஏக்கர் 43,560 சதுரடி, அதாவது 100 சென்ட். 1 சென்ட் 435.6 சதுரடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 1 ஹெக்டேர் 100 ஏர், அதாவது 2.471 ஏக்கர்.

கிராமப் பட்டாவில் பரப்பு ‘0 - 40.50’ என்கிற மாதிரி இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். இதைப் பார்த்துவிட்டு “நாப்பதரை சென்ட்தான் இருக்கு, பத்திரத்துல ஒரு ஏக்கர்னு போட்டுருக்கே” என்று பதறியடித்து வந்தவர்கள் உண்டு. 40.50ஐ 2.471ஆல் பெருக்குங்கள். 100 சென்ட் வரும். ஒரு ஏக்கர் பத்திரமாகத்தான் இருக்கிறது. வாங்கும்போது இதே குழப்பம் வேறு மாதிரிக் கடிக்கும். 4 ஏர் என்றால் கிட்டத்தட்ட 10 சென்ட். ‘நாலு’ என்று வாய்ப்பேச்சில் வந்தால் நாலு என்ன என்று கேட்காமல் விலை பேசக் கூடாது.

கிராமப் பட்டாக்களில் ஏர் பெரும்பாலும் .00 அல்லது .50 என்று முடியும். அரை ஏர் என்பது ஒன்றேகால் சென்ட். ஆகவே பழைய பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் அரை சென்ட் அளவுக்கு வித்தியாசம் வந்தால் உடனே யார்மீதும் சந்தேகப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால் சர்வேயரை வைத்து அளக்க வேண்டியதுதான்.

பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஓரங்களின் நீளம் லிங்க்ஸில் இருக்கலாம். நில அளவைச் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஏறத்தாழ ஐந்து லிங்க்ஸ் ஒரு மீட்டர். ஒரு சங்கிலி நீளமும் பத்து லிங்க்ஸ் அகலமும் உள்ள பட்டைதான் ஒரு சென்ட். சென்ட்டுக்கு ஏன் 435.6 என்று ஒரு வில்லங்கமான எண் என்றால், அது சங்கிலியில் பிறந்ததால்தான். 66ஐ 6.6ஆல் பெருக்கிப் பாருங்கள்.

குழி, குறுக்கம் என்று பழைய நில அளவுகளைப் பெரியவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவை ஊருக்கு ஊர் மாறும். சதுரடிக்குக் கொண்டுவராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 4: மூலைமட்டம் பாருங்கள்

நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கலாம். பக்கங்களைப் பெருக்கினால் கோணல் மனைக்கும் அதே விடைதான் வரும், ஆனால் உள்ளே நிலம் குறைவு. எதிரெதிர் பக்கங்கள் வெவ்வேறாக இருந்தால் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவார்கள். அந்த வழியும் நிலத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

இதற்குக் கொத்தனார்கள் பார்ப்பது மூலைமட்டம். மூலையில் இருந்து ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு குறித்தால் குறுக்கே ஐந்து வர வேண்டும். அடியாக இருந்தாலும் மீட்டராக இருந்தாலும் இது மாறாது. நம் ஊரில் அதிகம் விற்கிற 30க்கு 40 மனைக்கு இன்னும் சுலபம். டேப்பை ஒரு மூலையில் பிடித்து எதிர்மூலைக்கு இழுங்கள், 50 அடி வர வேண்டும். அடுத்த குறுக்கையும் இழுங்கள், அதுவும் 50 வர வேண்டும். ஒன்று 51, இன்னொன்று 49 என்று வந்தால் மனை கோணல். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், நடுவில் புல் பூண்டு தடுக்கக் கூடாது. பத்து நிமிட வேலை. லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை ஏன் செலவழிப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

படி 5: கட்டுமானம், நூலும் எம்.எம்.மும்

எங்கள் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மி.மீ.க்குச் சற்று மேல். வயதான கம்பி கட்டுகிறவர் “மூணு நூல் கம்பி” என்றால் 10 எம்.எம்., “நாலு நூல்” என்றால் 12 எம்.எம்., “அஞ்சு நூல்” என்றால் 16 எம்.எம். கடையில் எம்.எம்.மில்தான் கேட்க வேண்டும். கம்பியை எடையில் விற்கிறார்கள். சரிபார்க்க ஒரு சூத்திரம்: எம்.எம்.ஐ அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. இறக்கிய கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

மணல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி, மெட்ரிக்கில் 2.83 கன மீட்டர். லாரியின் தொட்டியை உள்பக்கமாக அளந்து நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். 10 அடி, 6 அடி, இரண்டரை அடி என்றால் ஒன்றரை யூனிட். இங்கேயும் இரண்டாம் படியை மறக்காதீர்கள். 2 அடி 5 அங்குலம் இரண்டரை அடி ஆகாது.

டைல்ஸ் விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்பார்கள். பெட்டியில் 600 மி.மீ. என்று இருக்கும். இரண்டடி என்றால் 609.6 மி.மீ. ஒரு டைல்ஸில் பத்து மி.மீ.கூட இல்லையே என்று தோன்றும். பத்தடி அறையில் ஐந்து டைல்ஸ் பதித்தால் 3,000 மி.மீ. அறையோ 3,048 மி.மீ. சுவரோரம் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் மொட்டையாக நிற்கும். சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸின் கனம் அதை மூடாது. பத்துக்குப் பத்து அறைக்கு 25 டைல்ஸ் என்று கணக்கிட்டு வாங்கிய வீட்டில் அந்த இடைவெளிக்குத் துண்டு வெட்ட டைல்ஸ் இல்லாமல் போய், திரும்பக் கடைக்குப் போனால் அந்த நிறத்தில் அதே சாயல் கிடைக்கவில்லை. ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மூலை அது. ஆகவே டைல்ஸை மி.மீ.யில் கணக்கிடுங்கள். சதுரடியில்தான் கணக்கு வேண்டும் என்றால் ஒரு டைல்ஸுக்கு 4 சதுரடி என்று வைக்காமல் 3.87 என்று வையுங்கள். அதற்கு மேல் சேதாரத்துக்குத் தனியாக வாங்குங்கள்.

பைப்பில் ‘நாலு இஞ்ச்’ என்று நாம் சொல்லும் கழிவுநீர்க் குழாயின் மேல் 110 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். பயப்பட வேண்டாம், ஒன்றுதான். பிளைவுட் இரண்டு உலகத்துக்கும் சொந்தம். பரப்பு எட்டுக்கு நாலு அடி, கனம் 18 எம்.எம்.

போர்வெல்லில் கவனம் வேண்டும். போட்ட ஆழத்தை அடியில் சொல்வார்கள். மோட்டார்த் தகட்டில் ஹெட் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். 300 அடி என்பது 91 மீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் ‘மீ.’ என்று இருக்கிறதா ‘அடி’ என்று இருக்கிறதா என்று தகட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். போர் ஆழத்தோடு மாடித் தொட்டியின் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

படி 6: சந்தை, நகை, பூ

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ கணக்கில் விலை போகிறது. அதே மல்லிகை கட்டி முடித்துச் சித்திரை வீதிக்கு வந்ததும் முழம் ஆகிவிடுகிறது. முழம் என்றால் முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரை, ஏறத்தாழ 18 அங்குலம், 45 செ.மீ. யாருடைய முழங்கை என்பதில்தான் வழக்கு. என் அம்மா பூக்காரம்மாவிடம் சரத்தை வாங்கித் தன் கையில் வைத்து அளந்து பார்ப்பார். “ஏத்தா, ஒன் முழம் குட்டையால்ல இருக்கு?” “இல்ல தாயி, ஒரு சாண் தூக்கலாத்தான் விட்டுருக்கேன், பாருங்க.” சொல்லிக்கொண்டே இன்னும் நாலு விரல்கடை விட்டுத்தான் நறுக்குவார். நீளத்தைவிடக் கட்டின் நெருக்கத்தைப் பாருங்கள் என்பதுதான் இங்கே என் யோசனை. நெருக்கிக் கட்டிய முழத்தில் இருக்கும் பூ, இளக்கிக் கட்டியதில் பாதிகூட இருக்காது. அதை எந்த டேப்பும் காட்டாது.

வேட்டியில் முழம் இன்னும் துல்லியமாக நிற்கிறது. நாலு முழம் 1.80 மீட்டர், எட்டு முழம் 3.60 மீட்டர். லேபிளில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம்.

தங்கத்தில் ஒரு பவுன் 8 கிராம், அரைப் பவுன் 4, கால் பவுன் 2. தெற்காவணி மூல வீதியில் “எட்டு கிராம் நானூறு மில்லி” என்றால் பில்லில் 8.400 என்று இருக்கும். இந்தப் புள்ளி நேர்மையான புள்ளி, ஆயிரம் மில்லிகிராம் ஒரு கிராம். செய்தியில் உலகச் சந்தை விலையை அவுன்ஸில் சொன்னால் அது 31.1 கிராம் அவுன்ஸ். சாதாரண அவுன்ஸான 28.35ஐப் போட்டால் கணக்கு உதைக்கும்.

அரிசி மூட்டையில் கிலோவை வாசிக்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ மூட்டைகள் வந்தன. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

வீட்டில் இருக்கும் பழைய படி எத்தனை கிராம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். தலைதட்டி அரிசியை நிரப்பித் தராசில் வையுங்கள். நிறுத்த எண்ணைப் படியின் அடியில் பெயிண்டால் எழுதிவையுங்கள். அரிசிக்கு ஓர் எண், உளுந்துக்கு வேறு எண் வரும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்கிற வாய்பாடு மட்டும் எப்போதும் பொருந்தும்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. கிலோ வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் யாரும் “250 கிராம் தக்காளி” என்று கேட்பதில்லை. கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோதான். தராசு பத்துப் பத்தாகப் பிரிக்கிறது, வாய் பாதி பாதியாகப் பிரிக்கிறது. “நியாயமா, வீசை என்ன விலை?” என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இப்போது அதே கேள்வி “கிலோ என்ன விலை?” என்று ஆகிவிட்டது. ஆனால் சாண் ஏறி முழம் சறுக்குவதை யாரும் சென்டிமீட்டருக்கு மாற்றவில்லை. வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதற்கும் பெயர் மைலேஜ்தான்.

படி 7: உடம்பு

உயரம். காவலர் தேர்வுக்குப் போகிற பையன்களுக்குச் சொல்கிறேன். பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. கேட்கிறார்கள். 5 அடி 7 அங்குலம் என்றால் 170.18 செ.மீ., மயிரிழைதான் மிச்சம். 5.7 அடி என்று போட்டுப் பார்த்தால் 173.7 என்று வந்து வீண் நம்பிக்கை கொடுக்கும். வீட்டுச் சுவரில் செ.மீ. டேப்பை ஒட்டி, வெறுங்காலில் நின்று அளந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல். நூறு, நூற்றிரண்டு என்று நாம் சொல்வது பாரன்ஹீட். புதுத் தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டினால் பயந்துவிடாதீர்கள், அலட்சியமாகவும் விடாதீர்கள். 37 என்பது 98.6. 38 என்பது 100.4. 39 என்பது 102.2. 40 என்பது 104. டாக்டரிடம் எண்ணோடு அலகையும் சொல்லுங்கள்.

குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் ஸ்பூன் என்கிற சொல்லையே விட்டுவிடுங்கள். அளவு டீஸ்பூன் 5 மி.லி., வீட்டு ஸ்பூன்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. “எத்தனை எம்.எல்., டாக்டர்?” என்று கேட்டு, பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ கோடு பார்த்து ஊற்றுங்கள்.

படி 8: செய்தியை வாசிக்கும்போது

வைகை அணை 71 அடி, முல்லைப் பெரியாறு 142 அடி என்று வரும். அதே செய்தியில் மழை மட்டும் மில்லிமீட்டர். அணையில் தண்ணீர் வரத்து ‘கன அடி’ என்றால் நொடிக்கு இத்தனை கன அடி என்று பொருள். ஒரு கன அடி 28.3 லிட்டர். மழையில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுரடி மொட்டை மாடியில் 10 மி.மீ. பெய்தால் 929 லிட்டர். மழைநீர்த் தொட்டி கட்டுகிறவர்கள் இந்த எண்ணில் இருந்து தொடங்கலாம்.

சித்திரை, வைகாசியில் ‘மதுரையில் வெயில் சதமடித்தது’ என்று போடுவார்கள். அது 100 பாரன்ஹீட், செல்சியஸில் 37.8.

படி 9: பத்திரத்தில் எழுதுவது

மறுபடி மாப்பிள்ளையின் மனைக்கு வருகிறேன். வரைவைத் திருத்தி இப்படி எழுதச் சொன்னேன்:

‘கிழமேல் இருபுறமும் 30 அடி 6 அங்குலம், தென்வடல் இருபுறமும் 40 அடி 9 அங்குலம், ஆக 1242.9 சதுரடி, அதாவது 115.47 சதுர மீட்டர் கொண்ட காலிமனை.’

சதுரடியைச் சதுர மீட்டராக்க 10.764ஆல் வகுக்க வேண்டும். பக்கங்களை முதலில் மீட்டராக்கி 9.30, 12.42 என்று சுருக்கிப் பெருக்கினால் 115.51 என்று வரும், பத்திரத்துக்கும் வரைபடத்துக்கும் பொருந்தாது. அதனால்தான் கடைசி விடையை மட்டும் மாற்றச் சொன்னேன். விற்கிறவரிடம் டேப்பையும் கால்குலேட்டரையும் வைத்துக் கணக்கைக் காட்டினோம். அவர் ஒருமுறை தானே பெருக்கிப் பார்த்துவிட்டு, “அட, ஆமா தம்பி” என்று சொல்லித் தொகையைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பத்திரம் பதிவானது.